எஸ்ஆர்-22 கார் இன்சூரன்ஸ்: காசு எங்கே போகிறது, எங்கே கோட்டை விடுகிறார்கள்

அமெரிக்காவில் ‘எஸ்ஆர்-22 இன்சூரன்ஸ் இன்றே கிடைக்கும்’ என்று விளம்பரம் செய்யும் ஏஜென்சிகள் விற்பது சாதாரண கார் பாலிசியைத்தான். எஸ்ஆர்-22 அந்தப் பாலிசியின் வாலில் கட்டிவிடப்படும் சான்றிதழ், அவ்வளவுதான். குடித்துவிட்டு ஓட்டி டியுஐ வழக்கில் சிக்கியவர், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்தில் மாட்டியவர், விதிமீறல்களால் பாயிண்ட் ஏறி லைசென்ஸ் பறிகொடுத்தவர் போன்றோரிடம் மாநிலம் இதைக் கேட்கும். ‘இவருக்குக் குறைந்தபட்ச பாலிசி இருக்கிறது, நின்றுபோனால் உங்களுக்குச் சொல்கிறோம்’ என்று இன்சூரன்ஸ் கம்பெனி டிஎம்வி-க்கு (லைசென்ஸ், வண்டிப் பதிவைக் கவனிக்கும் மாநிலத் துறை) எழுதிக் கொடுப்பதுதான் அதன் சாரம். இதை அனுப்ப கம்பெனிகள் வாங்கும் கட்டணம் பெரும்பாலும் 15 முதல் 50 டாலருக்குள் இருக்கும். ‘எஸ்ஆர்-22 சார்ஜ்’ என்று ஒருவர் 200, 300 டாலர் கேட்டால் அதில் பெரும்பகுதி அவருடைய ப்ரோக்கர் ஃபீஸ். கம்பெனியின் கட்டணம் தனி, அவருடைய ஃபீஸ் தனி என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ப்ரோக்கர் ஃபீஸ் பெரும்பாலும் திரும்பி வராது.

காசைக் கரைப்பது ப்ரீமியம்தான். கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். 1988-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த ப்ரொபொசிஷன் 103 என்ற சட்டத்தின்படி, நல்ல ஓட்டுநருக்குக் குறைந்தது 20 சதவீதத் தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும். டியுஐ தண்டனை ஒன்று இருந்தால் அந்தத் தகுதி 10 ஆண்டுகளுக்குப் போய்விடும். எஸ்ஆர்-22 கடமை வழக்கமாக 3 ஆண்டுகளில் முடிந்துவிடும். தள்ளுபடி இழப்போ மேலும் பல ஆண்டுகள் கூடவே வரும். தள்ளுபடி போவதோடு அடிப்படைக் கட்டணமும் ஏறுவதால் அடி இரட்டிப்பாக விழுகிறது. மற்ற மாநிலங்களில் பெரும்பாலான கம்பெனிகள் சின்ன மீறல்களுக்கு 3 ஆண்டும் பெரியவற்றுக்கு 5 ஆண்டும் பின்னோக்கிப் பார்க்கின்றன. கலிஃபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் கிரெடிட் ஸ்கோரை வைத்துக் கட்டணம் போட முடியாது. பெரும்பாலான மற்ற இடங்களில் போடுவார்கள். புதிதாக வந்தவர்களுக்கு கிரெடிட்டும் இருக்காது, ஊரில் பல வருடம் ஓட்டிய அனுபவத்தைப் பல கம்பெனிகள் கணக்கிலும் எடுக்காது. ஒரு தப்பும் செய்யாமலேயே இவர்களுக்கு ரிஸ்க் ஆசாமியின் விலை வந்து நிற்பது இதனால்தான்.

மாநிலத்துக்கு மாநிலம் தேவை மாறும். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் குறைந்தபட்சம் 30/60/15. அதாவது, காயத்துக்கு ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, பிறர் சொத்துச் சேதத்துக்கு 15,000. அதற்கு முன் 15/30/5 என்று பரிதாபமாக இருந்தது. ஃபுளோரிடாவிலும் வர்ஜீனியாவிலும் டியுஐ என்றால் எஸ்ஆர்-22 போதாது, அதேபோன்ற ஆனால் அதிகக் கவரேஜ் கேட்கும் எஃப்ஆர்-44 சான்றிதழ் வேண்டும். ஃபுளோரிடாவில் அதற்கு 100/300/50 எடுத்தாக வேண்டும். கட்டணம் அங்கே எகிறுவதற்கு வழக்கு மட்டும் காரணமில்லை, வாங்கும் கவரேஜே பல மடங்கு பெரிது. நியூ ஹாம்ப்ஷரில் சாதாரண ஓட்டுநருக்கு இன்சூரன்ஸ் கட்டாயமே இல்லை. டியுஐ வந்தவரை அங்கேயும் எஸ்ஆர்-22 பிடித்துக்கொள்ளும். நியூ யார்க், பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்கள் இந்தப் படிவத்தைக் கேட்பதில்லை. அதற்காக அங்கே ப்ரீமியம் ஏறாது என்று நினைத்துவிட வேண்டாம்.

குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொள்வது இந்தச் சந்தையில் பரவலான பழக்கம். அது நல்ல பேரம் இல்லை. 15,000 டாலர் சொத்துச் சேத வரம்பை வைத்துக்கொண்டு ஒரு புதிய எஸ்யுவி-யை மோதிவிட்டால் மீதிக்கு உங்கள் வங்கிக் கணக்குதான் பதில் சொல்ல வேண்டும். விலை கேட்கும்போது குறைந்தபட்சத்துக்கு ஒன்று, 100/300/50-க்கு ஒன்று என இரண்டு கொட்டேஷன் கேளுங்கள். வரம்பு மூன்று மடங்கானால் விலையும் மூன்று மடங்காவதில்லை.

கார் இல்லாதவர்களுக்கு நான்-ஓனர் பாலிசி உண்டு. இந்த வரிசையில் விலைக்கு மதிப்புள்ள பொருள் இதுதான் என்பது எங்கள் கருத்து. எப்போதாவது இரவல் காரோ வாடகைக் காரோ ஓட்டும்போது பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் பொறுப்பேற்கும். ஓட்டும் காருக்கு ஆகும் சேதம் இதில் வராது என்பதால் விலை குறைவு. லைசென்ஸைத் திரும்ப வாங்க எஸ்ஆர்-22 மட்டும் தேவைப்படுகிறவர்களுக்கு இது போதும். வீட்டில் மனைவி பெயரிலோ அப்பா பெயரிலோ கார் நின்று, அதைத் தினமும் எடுப்பவருக்கு இது பொருந்தாது. அதை மறைத்து வாங்கினால் க்ளைம் வரும் நாளில் கம்பெனி கையை விரித்துவிடும். அவர்களுடைய பாலிசியில் பெயரைச் சேர்ப்பதே வழி. இன்னொரு வழியும் உண்டு: வீட்டுப் பாலிசியில் உங்களை ‘எக்ஸ்க்ளூடட் டிரைவர்’ என்று விலக்கி வைப்பது. அப்படிச் செய்தால் ஆத்திர அவசரத்துக்குக்கூட அந்த வண்டியைத் தொடக் கூடாது.

எங்கே வாங்குவது? முதலில் ஏற்கெனவே இருக்கும் கம்பெனியையே கேட்கலாம். எல்லாக் கம்பெனிகளும் எஸ்ஆர்-22 அனுப்புவதில்லை. ப்ரோக்ரெஸிவ் போன்ற பெரிய கம்பெனிகள் பல மாநிலங்களில் அனுப்புகின்றன. டெய்ரிலேண்ட், ப்ரிஸ்டல் வெஸ்ட், தி ஜெனரல் போன்றவை இந்த வகை ஓட்டுநர்களுக்கென்றே பெயர் பெற்றவை. இந்தச் சிறப்புக் கம்பெனிகளில் பாலிசி சுலபமாகக் கிடைக்கும். ஆனால், பொதுவாகவே இந்த வகைப் பாலிசிகளில் முன்பணமும் தவணைக் கட்டணமும் கூடுதல், விலக்குகளும் அதிகம். கேட்காமலேயே ரோட்சைடு உதவி, ‘மோட்டார் கிளப்’ உறுப்பினர் என்று சேர்த்துவிடும் ஏஜென்ட்கள் உண்டு. கையெழுத்துப் போடும் முன் டிக்ளரேஷன் பக்கத்தை (பாலிசியில் என்னென்ன இருக்கிறது, என்ன விலை என்ற சுருக்கம்) வரி வரியாகப் பாருங்கள். யாருமே தரவில்லை என்றால் மாநிலத்தின் அசைன்டு ரிஸ்க் திட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் அதன் பெயர் கார்ப். சந்தைப் பங்குக்கு ஏற்ப ஏதாவது ஒரு கம்பெனியின் தலையில் உங்களைக் கட்டுவார்கள். மேரிலாண்டில் மாநிலமே உருவாக்கிய மேரிலாண்ட் ஆட்டோ இருக்கிறது. கடைசிப் புகலிடம் என்பதால் இங்கே மலிவை எதிர்பார்க்க முடியாது. ஓட்டும் விதத்தைக் கண்காணிக்கும் ஆப்பைப் போட்டால் விலை குறையும் என்று தூண்டில் வீசினால் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘மோசமாக ஓட்டினால் விலை ஏறுமா?’ பல மாநிலங்களில் ஏறும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, பாலிசி நடுவில் அறுந்துபோவது. தவணை தவறினால் பல மாநிலங்களில் 10 நாள் நோட்டீஸில் ரத்து செய்துவிடலாம். ரத்தானதும் கம்பெனி எஸ்ஆர்-26 என்ற படிவத்தை டிஎம்வி-க்கு அனுப்பும். லைசென்ஸ் மறுபடி சஸ்பெண்ட் ஆகும், மீட்கக் கட்டணம் கட்ட வேண்டும், பல மாநிலங்களில் 3 ஆண்டுக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். கார்டு காலாவதியாகி ஆட்டோபே நின்றுபோவதுதான் இதில் சகஜமான காரணம். அதனால் மாதத்துக்கு 10 டாலர் மலிவான பாலிசியைவிட, 6 மாதத்தை ஒரே தடவையில் கட்டக்கூடிய பாலிசியே தேவலை. தவணைக் கட்டணமும் மிச்சம்.

படிவம் தேங்கி நிற்பதற்குத் தமிழர்களுக்கென்றே ஒரு தனிக் காரணம் உண்டு: பெயர். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்ததால் விசாவில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும்; லைசென்ஸில் அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும்; பாலிசியில் இனிஷியல் மட்டும் நிற்கும். எஸ்ஆர்-22-இல் லைசென்ஸில் உள்ளபடியே பெயர், எண், பிறந்த தேதி மூன்றும் இருக்கட்டும். ஓனர் (சொந்தக் கார் உள்ளவர்), ஆபரேட்டர் (சொந்தக் கார் இல்லாதவர்) என்ற வகையையும் சரிபாருங்கள். பெயரில் கார் பதிவாகி இருக்கும்போது ஆபரேட்டர் வகையை அனுப்பினால் டிஎம்வி ஏற்காமல் போகலாம். அனுப்பியாயிற்று என்று ஏஜென்ட் சொன்னாலும், டிஎம்வி-யில் பதிவாகிவிட்டதா என்று உறுதி செய்யும் வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள்.

கம்பெனி மாற்ற நினைத்தால் வரிசை முக்கியம். புதிய பாலிசி தொடங்கி, அதன் எஸ்ஆர்-22 பதிவான பிறகே பழையதை ரத்து செய்ய வேண்டும். வேறு மாநிலத்துக்குக் குடிபோனாலும் பழைய மாநிலத்தின் கடமை பொதுவாகத் தீராது. அந்த மாநிலத்துக்குப் படிவம் அனுப்பக்கூடிய கம்பெனியாகப் பார்த்து வாங்க வேண்டும். 3 ஆண்டு எந்தத் தேதியிலிருந்து என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், ஆகவே முடிவுத் தேதியை ஏஜென்ட் வாயால் கேட்காமல் டிஎம்வி-யிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தேதி கடந்ததும் எஸ்ஆர்-22-ஐ எடுத்துவிடச் சொல்லி நீங்களே கம்பெனிக்கு எழுத வேண்டியிருக்கும், தானாக எடுக்காத கம்பெனிகள் உண்டு. அதே வாரத்தில் நான்கைந்து கம்பெனிகளிடம் புதிதாக விலை கேளுங்கள். அதற்கு முன், இன்சூரன்ஸ் தகவல்களைத் திரட்டும் லெக்ஸிஸ்நெக்ஸிஸ் நிறுவனத்திடம் உங்கள் க்ளூ அறிக்கையை வாங்கிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். 7 ஆண்டு க்ளைம் வரலாறு அதில் இருக்கும். உங்களுடையதல்லாத க்ளைம் ஏதாவது ஏறியிருந்தால் அங்கேயே மறுப்புக் கொடுத்து நீக்கிவிட்டுப் போனால் விலை சரியாக வரும்.