லூபஸ் நோயாளிக்குக் காய்ச்சல்: நோய் மூண்டதா, கிருமித்தொற்றா?

லூபஸ் (எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்) உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டார் முதலில் நினைப்பது, நோய் மறுபடி மூண்டுவிட்டது என்றுதான். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீரொய்ட் மருந்தான பிரெட்னிசோலோன் கைவசம் இருக்கும். போன தடவை அதைக் கூட்டித்தான் சுகம் வந்தது என்ற நினைவும் இருக்கும். நான் இதை முற்றாக மறுக்கிறேன். கொழும்பில் இருப்பவர்கள் எந்தக் காய்ச்சலையும், வேறு என்று தெளிவாகும் வரை கிருமித்தொற்றாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மூண்ட நோய்க்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்டுவார்கள். தொற்று இருக்கும்போது அதையே கூட்டினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

காய்ச்சல், களைப்பு, மூட்டுவலி இரண்டுக்கும் பொது. கன்னத்துச் சிவப்பு, வாய்ப்புண், முடி கொட்டுதல் சேர்ந்தால் லூபஸ் பக்கம் சாயலாம். பல் கிட்டும் குளிர்நடுக்கம், சளி, சிறுநீர் எரிவு இருந்தால் தொற்று.

என் அக்காவின் பழைய அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அழற்சியைக் காட்டும் குருதிச் சோதனைகளில் ஒன்றான இ.எஸ்.ஆர். இரண்டு வேளையிலும் எகிறியிருந்தது, அதனால் பயனில்லை. இன்னொரு அழற்சிச் சோதனையான சி.ஆர்.பி.தான் பிரித்துக் காட்டியது: நோய் மூண்டபோது 9, சிறுநீரகத் தொற்றின்போது 140. ஆனாலும் நெஞ்சறை உறையில் நீர் கோத்தாலோ மூட்டுகள் வீங்கினாலோ லூபஸிலும் சி.ஆர்.பி. ஏறும்; வைரஸ் தொற்றில் ஏறாமலும் இருக்கும். சி3, சி4 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்கள் குருதியில் குறைந்து, டி.என்.ஏ.வுக்கு எதிரான பிறபொருளெதிரி (அன்டிபொடி) கூடினால் நோய் மூண்டதற்கு வலுவான சான்று. சிலருக்கு நலமாக இருக்கும்போதே சி3 குறைவு. ஆகவே நல்ல நாளில் எடுத்த அறிக்கை கையில் இருக்க வேண்டும். ஸ்டீரொய்ட் எடுப்பவருக்கு வெண்குழியம் மருந்தினாலேயே கூடும் என்பதால் அந்த எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது.

கொழும்புக்காரருக்கு உண்மையான சிக்கல் டெங்கு. 2017இல் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு பதிவானது. மேல் மாகாணம்தான் மிக மோசம். டெங்குவிலும் வெண்குழியமும் பிளேட்லெட்டும் குறையும், லூபஸ் மூளும்போதும் குறையும். அறிக்கையைப் பார்த்து "இது வழமையான லூபஸ்தான்" என்று ஏமாறுவது இங்கேதான். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டால், முதல் சில நாட்களுக்குள் என்.எஸ்.1 என்ற டெங்குக் குருதிச் சோதனை செய்துவிடுங்கள். அது இல்லை என்று வந்தாலும் டெங்குவை ஒதுக்கிவிட முடியாது. முழுக் குருதிக் கணிப்பைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பிளேட்லெட் இறங்க ஹிமட்டோகிரிட் (குருதியில் செங்குழியங்களின் பங்கு) ஏறினால், குருதிநாளத்திலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். உடனே வைத்தியசாலைக்கு.

இரண்டும் ஒன்றாக வருவதும் உண்டு. தொற்றே லூபஸைக் கிளப்பிவிடும். அப்போது தீர்ப்பு வைத்தியருடையது. அதுவரை பரசிற்றமோல் மட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலிநிவாரணிகள் வேண்டாம். நாட்பட எடுத்துவரும் பிரெட்னிசோலோனைப் பயந்து திடீரென நிறுத்தவும் கூடாது, தானாகக் கூட்டவும் கூடாது.