"இன்சூரன்ஸ் 3 வருஷம் இருக்குங்ணா" என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

கோத்தகிரி, குன்னூரிலிருந்து கீழே கோயம்புத்தூர் இறங்கி செகண்ட் ஹேண்ட் ஹைபிரிட் கார் (பெட்ரோல் எஞ்சினோடு கரண்ட் மோட்டாரும் இருக்கிற வண்டி) பார்க்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 86,000 ரூபாய் போயிருக்கிறது.

2024 மே மாதம் வாங்கினேன். 2022 செப்டம்பரில் பதிவான வண்டி, பின்கதவில் பளபளவென்று ஹைபிரிட் என்று எழுத்து. புரோக்கர் ஓட்டிக் காட்டும்போது சிக்னலில் நின்றதும் எஞ்சின் சத்தம் அடங்கியது. "பாத்தீங்களாண்ணா, இப்ப கரண்ட்ல நிக்குது" என்றார். நிற்கிற வண்டிக்கு எதற்குக் கரண்ட் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, தலையாட்டிவிட்டேன். அது மைல்டு ஹைபிரிட் என்பது பிறகுதான் தெரிந்தது. அதில் இருக்கிற சின்ன மோட்டார் எஞ்சினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான், தனியாக வண்டியை இழுக்காது. ஸ்ட்ராங் ஹைபிரிட்தான் கொஞ்ச தூரம் பேட்டரியில் ஓடும், அதற்கும் சார்ஜ் ஏறுவது பெட்ரோல் எஞ்சினிலிருந்தும் பிரேக் பிடிக்கும்போதும்தான். "மேட்டுப்பாளையம் இறங்குறப்ப ஏறுற சார்ஜ்லயே திரும்ப மேல வந்துடலாம்" என்றாரே, அது சுத்தப் புளுகு. அவ்வளவு நீள இறக்கத்தில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டின் பேட்டரியே பாதி வழியில் நிரம்பிவிடும், அதற்குமேல் எஞ்சினும் பிரேக்கும்தான் பிடிக்க வேண்டும்.

சரி, மைலேஜ் போனால் போகட்டும். அடி விழுந்தது இன்சூரன்ஸில்.

ஐப்பசி மழையில் வீட்டு வாசலில் நின்ற கார் மேல் சில்வர் ஓக் கிளை முறிந்து விழுந்தது. கூரை நசுங்கி, முன் கண்ணாடி தூள். பாலிசியில் 2025 செப்டம்பர் வரை என்று இருக்கிறதே என்று தைரியமாக இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டால், "சார், உங்களுக்கு தேர்ட் பார்ட்டி மட்டும்தான் இருக்கு, ஓன் டேமேஜ் 2023லயே முடிஞ்சிடுச்சு" என்றார் அந்தப் பெண். பாலிசியை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், அதில் தேதி ஒன்று அல்ல, இரண்டு.

2018 செப்டம்பரிலிருந்து வாங்கிய புதுக் கார்களுக்கு 3 வருஷம் கட்டாயம் என்பது தேர்ட் பார்ட்டி மட்டும்தான். நம்மால் அடுத்தவருக்கு ஏற்படும் உயிர்ச்சேதம், காயம், பொருள் நஷ்டத்துக்கு அது. நம் வண்டிக்கு அதில் ஒரு பைசா வராது. நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான ஓன் டேமேஜைப் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் போட்டிருப்பார்கள், பழைய ஓனர் அதைப் புதுப்பிக்கவே இல்லை. கல்லாரில் ஒருமுறை போலீஸ் போனில் பார்த்துவிட்டு "2025 வரை இருக்கு, போங்க" என்று விட்டதில் எனக்கும் சந்தேகமே வரவில்லை. சட்டம் கேட்பது தேர்ட் பார்ட்டியைத்தான், அது இல்லாமல் மாட்டினால் முதல் தடவை 2,000 அபராதம், அடுத்த தடவை 4,000.

ஆர்.சி. என் பெயருக்கு மாறியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன், அதுவும் தப்பு. கார் கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். ஓன் டேமேஜ் உயிரோடு இருந்திருந்தாலும் இதைச் செய்யாததற்கு என்னை இழுத்தடித்திருப்பார்கள். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸும் (கிளைம் எதுவும் கேட்காததற்குத் தரும் பிரீமியத் தள்ளுபடி) நமக்கு வராது, அது அவருடையது. ஹைபிரிட் என்றால் இன்சூரன்ஸ் பாதி விலை என்று புரோக்கர் சொன்னதும் பொய். 2022ல் அறிவித்த தள்ளுபடி தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் 7.5 சதவீதம்தான். அப்போது என் கார் ரகத்துக்கு ஒரு வருஷ பிரீமியமாக இருந்த 3,416 ரூபாய்க்கு அது எவ்வளவு வரும், 250 சொச்சம்.

புரோக்கரைக் கூப்பிட்டேன். "அண்ணா, நான் 3 வருஷம்னு சொன்னேன், 3 வருஷம் இருக்குல்ல? எதுக்குன்னு நீங்க கேக்கலியே" என்றார்.

கார் இப்போது டிங்கரிங்கில் நிற்கிறது. ஓன் டேமேஜ் மட்டும் தனியாகப் போட முடியும் என்கிறார்கள், ஆனால் காலாவதியாகி இவ்வளவு நாள் ஆனதால் வண்டியை நேரில் பார்த்துவிட்டுத்தான் தருவார்களாம். கூரை நிமிர்ந்த பிறகு கூப்பிட வேண்டும்.