ஆர்பிஎஸ்: கோர்களுக்கு இடையே வேலையைப் பங்கிட்ட அனுபவம்

வருகிற நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் ப்ராசஸரின் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆர்பிஎஸ் (ரிசீவ் பாக்கெட் ஸ்டீயரிங்) வசதி, லினக்ஸில் 2010இல் 2.6.35 கர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) வந்தது. பல கோர் உள்ள நெட்வொர்க் சர்வர்களில் சில வருடங்களாக அதைப் பயன்படுத்தி வருகிறேன். எங்கே உதவியது, எங்கே சுமையானது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது.

ஒரே கியூ (பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை) உள்ள நெட்வொர்க் கார்டில் வருகிற பாக்கெட் எல்லாம் ஒரே கோரின் தலையில் விழும். மற்ற கோர்கள் சும்மா இருக்க, அது மட்டும் மூச்சுத் திணறும். ஆர்பிஎஸ் அந்தப் பாக்கெட்டுகளை மற்ற கோர்களின் வரிசைகளில் பிரித்துப் போடுகிறது. பிறகு "உனக்கு வேலை வந்திருக்கிறது" என்று அந்தக் கோரை எழுப்ப ஐபிஐ அனுப்புகிறது, அதாவது ஒரு கோர் இன்னொரு கோருக்குத் தரும் இன்டரப்ட் (செய்யும் வேலையை நிறுத்திக் கவனிக்கச் சொல்லும் சைகை). பாக்கெட்டுக்கு ஒன்று என்று அனுப்புவதில்லை. ஒரு சுற்று பாக்கெட்டுகளை எடுத்து முடித்ததும் சேர்த்து அனுப்புகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு. இப்படிச் சேர்த்து அனுப்பாவிட்டால் பங்கிட்ட பலனையெல்லாம் எழுப்புகிற செலவே விழுங்கிவிடும்.

பல கியூ கார்டில் கதை வேறு. கோருக்கு ஒரு கியூ கிடைத்துவிட்டால் கார்டே பங்கீட்டைச் செய்துவிடும். அதன் மேல் ஆர்பிஎஸ்ஸையும் போட்டால் அதே வேலை இரண்டாவது முறை நடக்கிறது, ஐபிஐயும் தேவையில்லாமல் கூடுகிறது. அங்கெல்லாம் நான் அணைத்தே வைத்திருக்கிறேன். இரண்டு சாக்கெட் இயந்திரத்தில், அதாவது இரண்டு ப்ராசஸர் சிப் உள்ளதில், ஆர்பிஎஸ்ஸை இயக்கினால் இன்டரப்ட் வாங்கும் கோர் இருக்கிற சாக்கெட்டுக்குள்ளேயே பங்கீட்டை நிறுத்துவது நல்லது. எதிர்ப் பக்கம் போனால் பாக்கெட்டின் தரவும் சாக்கெட் தாண்டிப் பயணிக்க வேண்டிவரும்.

மெய்நிகர் இயந்திரத்தில் இன்னும் கவனம் தேவை. வன்பொருள் உதவி இல்லாத இடத்தில் ஒவ்வொரு ஐபிஐக்கும் ஹைப்பர்வைசர் (மெய்நிகர் இயந்திரங்களை நடத்தும் மென்பொருள்) குறுக்கே வரும். மெய்நிகர் இயந்திரத்தின் இன்டரப்ட்டுகளை வன்பொருளே கையாளும் ஏஎம்டியின் ஏவிஐசி போன்ற வசதி இருந்தால் பெரும்பாலும் இந்தச் சுற்றுவழி தேவைப்படாது.

ஐபிஐ எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டிய இடம் ப்ராக் அடைவில் (/proc) உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பு. அடியில் சிஏஎல் என்ற வரியில் இந்த எழுப்பல்களும் கணக்காகின்றன. ஆனால் கர்னலின் மற்ற வேலைகளுக்கான அழைப்புகளும் அதில் கலந்திருக்கும் என்பதால், சாஃப்ட்நெட் ஸ்டாட் (/proc/net/softnet_stat) கோப்பில் உள்ள ஆர்பிஎஸ் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

சரி, ஒரு குறை: இயந்திரத்தை மறுபடி இயக்கினால் அமைப்பு பழையபடி அணைந்துவிடும். சாதனம் தென்பட்டதும் அமைப்பைத் தானாகவே போட்டுவிடும் யூடெவ் விதி ஒன்று எழுதி வைத்துவிடுங்கள்.