உத்தராகண்ட் பறவைப் பயணம்: கைடுக்கு முழு மார்க், ஏற்பாட்டுக்குப் பாதி

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு வருஷா வருஷம் அக்டோபர் வாக்கில் ஓர் ஆறுமணிக் குருவி வந்து சேரும். வந்த புதிதில் பறக்கத் தெம்பிருக்காது, வாழை மரத்தடியில் சருகைக் கிளறிக்கொண்டு கிடக்கும். ஒரு வருஷம் ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்ததை அட்டைப்பெட்டியில் மூடி வைத்து, மயக்கம் தெளிந்த பிறகு திறந்துவிட்டோம். மத்திய இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகிற ஜீவன் இது என்று எங்கள் மாஷ் (ரிட்டயர்டான பயாலஜி வாத்தியார், எங்கள் பக்கம் தமிழர்களும் வாத்தியாரை மாஷ் என்றுதான் கூப்பிடுவோம்) சொல்லிச் சொல்லியே, வருகிற விருந்தாளியின் வீட்டை நாமும் ஒரு தடவை போய்ப் பார்த்தால் என்ன என்று எனக்கு ஆசை ஏறிவிட்டது.

போன மே முதல் வாரம் போய்விட்டு வந்தோம். நான், மாஷ், என் மச்சான். உத்தராகண்டில் சாத்தால், பாங்கோட், கடைசியாக சோப்தா, மொத்தம் ஒன்பது நாள். ஆளுக்கு 48,000 ரூபாய், டெல்லி போய்த் திரும்புகிற செலவு நம்முடையது. ஏற்பாடு செய்தது கோவைப் பக்கத்து ஒரு சின்ன டூர்க்காரர். குறையும் சொல்லப் போகிறேன், அதனால் பெயரைப் போடவில்லை.

பழைய டெல்லியில் ராத்திரி ராணிகேத் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை காத்கோதாம். அங்கிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரத்தில் சாத்தால். ஸ்டேஷனுக்கே வந்து நின்ற கைடு பக்கத்துக் கிராமத்துப் பையன், முப்பது வயது இருக்காது. பையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டே மூன்று பறவைகளின் பெயரைச் சொன்னான், எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாங்கள் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு மரத்தைத் துழாவ, "கான் சே தேக்கோ சார்" என்றான். மச்சான் பதினோரு வருஷம் ஷார்ஜாவில் இருந்தவன், இந்தி அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. "காதால பாருங்கங்கறான்" என்றான். ஒன்பது நாளும் அதுதான் பாடம். கொடுத்த காசு இந்தப் பையன் ஒருத்தனுக்கே சரியாகப் போயிற்று என்று சொல்வேன்.

சாத்தாலில் முதல் நாளே கண் நிறைந்துவிட்டது. நம்ம வால்காக்கையின் சொந்தக்காரன் ஒன்று, உடம்பு நீலம், அலகு சிவப்பு, வால் உடம்பைவிட நீளம், நம்மூர்க் காகம் மாதிரி கூட்டமாகத் திரிகிறது. ஓடையோரத்தில் மீன் தின்னும் ஆந்தை பட்டப்பகலில் கண்ணை அரைவாசி மூடி உட்கார்ந்திருந்தது. ஆனால் மாஷ் அசந்து நின்றது வேறு இடத்தில். குளிர்காலத்தில் எங்கள் தோப்புக்கு வந்து போகிற அரசவால் ஈப்பிடிப்பான், மலையாளத்தில் நாகமோகன் என்பார்கள், ஒரு வெள்ளை ஆண் அங்கே கிளைக் கவட்டையில் சிலந்தி நூலால் நாரைச் சுற்றிச் சுற்றிக் கிண்ணம் மாதிரிக் கூடு பின்னிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் நம்ம ஊரில் அது பூச்சி பிடிப்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறோம். கைடு இரண்டு நிமிஷம்கூட நிற்க விடவில்லை, கூட்டைக் காட்டிய கையோடு எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். அது சரிதான்.

இங்கேதான் முதல் எரிச்சல். எங்கள் மூன்று பேருடன் வேறு நான்கு பேரைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது ஜீப்பில் ஏறும்போதுதான் தெரிந்தது. நான்கு பேரும் படம் எடுக்க வந்தவர்கள், தோளில் பீரங்கி மாதிரி லென்ஸ். பறவை பார்ப்பவனும் படம் எடுப்பவனும் ஒரே வண்டியில் போகக் கூடாது, மாமியார் மருமகள் கதைதான். நாங்கள் நடக்கலாம் என்போம், அவர்கள் ஹைடில் உட்காரலாம் என்பார்கள். ஹைட் என்றால் துணி மறைப்பு கட்டி, முன்னால் தண்ணீர்த் தொட்டியும் தீனியும் வைத்து, பறவையை வரவழைக்கிற இடம். காசு தனி. பேக்கேஜில் எல்லாம் அடக்கம் என்றவர்கள் இதைச் சொல்லவே இல்லை, அங்கே போய் ஆளுக்கு 1,000 ரூபாய் கேட்டார்கள். படம் அருமையாக வரும், மறுக்கவில்லை. எனக்கென்னவோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

பாங்கோட் நைனிதாலிலிருந்து 15 கிலோமீட்டர், உயரம் 2,000 மீட்டர் அளவில். ஓக் காடு, நடுநடுவே தேவதாரு. சிவப்புப் பூ பூக்கிற புராஞ்ச் மரத்தைப் பார்த்ததும் மாஷ் "இது நீலகிரியில இருக்கற காட்டுப் பூவரசுதானே" என்றார். அதேதான், ஒரே இனத்தின் இன்னொரு வகை. பூ முடிந்திருந்தது, சர்பத் மட்டும் கிடைத்தது.

இரண்டாம் நாள் காலை நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஈரமான ஒரு பள்ளம், பெரணி மண்டிய இடம், உள்ளேயிருந்து ஒரு பாட்டு, இழுத்து ஆரம்பித்துக் கடைசியில் உருண்டு விழுகிற பாட்டு. கைடு மாஷைப் பார்த்து, "அங்கிள்ஜி, இது உங்க ஊர் ஆள்" என்றான். நீல ராபின். முதுகு நீலம், வயிறு ஆரஞ்சு, கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு. எங்கள் பக்கத்து நெல்லியாம்பதி மலையில் குளிர்காலத்தில் இது உண்டு, ஆனால் அங்கே புதருக்குள் "டக் டக்" என்ற சத்தம் மட்டும்தான், பாதி நேரம் அதுவும் கிடையாது, பத்து வருஷத்தில் முழுசாகப் பார்த்தது மூன்று தடவை. அந்தப் பறவைக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது. மாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், பனி என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

படக்காரர்களில் ஒருவர் மொபைலில் அதன் பாட்டை ஓடவிட்டு வெளியே இழுக்கச் சொன்னார். கைடு முடியாது என்றான். இது குஞ்சு பொரிக்கிற காலம், பாட்டைக் கேட்டால் வேறொரு ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து இரையையும் பெட்டையையும் விட்டுவிட்டு அலையும். டிப்ஸ் குறையும் என்று தெரிந்தும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. பக்கத்து வளைவில் வேறொரு கோஷ்டி அதையே ஸ்பீக்கர் வைத்துச் செய்துகொண்டிருந்தது, அது வேறு கதை.

பெரிய பறவைகளில் கோக்லாஸ் என்கிற காட்டுக்கோழி விடியலுக்கு முன்னாலேயே தன் பெயரைத் தானே கூவியது, பார்க்கக் கிடைக்கவில்லை. பாங்கோட்டைத் தாண்டி வினாயக் என்ற இடத்தில், ஆடு நிற்கவே யோசிக்கிற புல் சரிவில், இரண்டு மணி நேரம் குளிரில் நடுங்கிய பிறகு ஸ்கோப்பில் (முக்காலியில் நிற்கிற தொலைநோக்கி) சீர் என்கிற காட்டுக்கோழி இரண்டைப் பார்த்தோம். புல்லும் அதுவும் ஒரே நிறம், கைடு காட்டியிருக்காவிட்டால் கல் என்று நினைத்து விட்டிருப்போம். இதே நைனிதால் பக்கத்து மலைகளில்தான் 1876ல் இமயமலைக் காடை கடைசியாக உறுதியாகப் பதிவானது. அதற்கப்புறம் இல்லை. எதிர்மலையைக் காட்டி அவன் அதைச் சொன்னபோது எல்லோருமே, படக்காரர்கள் உட்பட, கொஞ்ச நேரம் அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாப்பாடு நல்லபடி. மண்டுவா ரொட்டி என்று பெரிதாகச் சொன்னார்கள், வாயில் வைத்தால் நம்ம ராகி. நெய் போட்டுத் தந்தார்கள். மச்சான் மட்டும் ஒன்பது நாளும் தயிர்சாதம் தயிர்சாதம் என்று புலம்பினான்.

பாங்கோட்டிலிருந்து சோப்தாவுக்கு ஒரு பகல் முழுக்க வண்டி, வளைவுக்கு மேல் வளைவு, வாந்தி வருகிறவர்கள் மாத்திரை இல்லாமல் ஏறாதீர்கள். மறுநாள் நாலு மணிக்கு எழுப்பி துங்கநாத் பாதையில் நடக்க வைத்தார்கள். கோயில் 3,680 மீட்டரில் இருக்கிறது, நடை நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் மூச்சு அதை எட்டாக எண்ணும். மாஷுக்கு 67 வயது, பாதியில் கோவேறு கழுதை பிடித்தோம். ஸ்வெட்டர் போதும் என்று டூர்க்காரர் அனுப்பிய லிஸ்டில் இருந்தது; அங்கே ஓரத்தில் பனி கிடந்தது, எனக்குக் கை விறைத்து பைனாகுலரைத் திருக முடியவில்லை.

அப்புறம் மோனால் என்கிற மலைக்கோழி. எங்கள் ஊர் வயலில் மயில் கோழி மாதிரி மேய்கிறது, அதனால் பளபளப்பில் எங்களை மயக்க முடியாது என்ற திமிர் எனக்கு இருந்தது. மோனாலும் மயில் குடும்பம்தான். பனிக்கட்டிக்குப் பக்கத்தில் அலகால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த ஆண் ஒன்று வெயில் பட்டதும் திரும்பியது, பச்சை செம்பாகி, செம்பு நீலமாகி... திமிர் போயிற்று.

திரும்பும் வழியில்தான் கழுத்தை அறுத்தார்கள். மே மாதம் கேதார்நாத் யாத்திரை தொடங்கிவிடும், ருத்ரபிரயாகைக்குக் கீழே ஆறு மணி நேரம் வண்டி நகரவில்லை, ஹரித்வாரில் ரயிலை விட்டுவிட்டோம். இந்த வழியில் வருஷா வருஷம் நடக்கிற கூட்டம் இது, டூர் நடத்துகிறவருக்குத் தெரியாதா? ஒரு நாள் இடைவெளி விட்டுத் திட்டம் போட்டிருக்கலாம். புது டிக்கெட் செலவும் எங்கள் தலையில்தான் விழுந்தது. போனில் பேசினால் "இயற்கைச் சூழ்நிலை சார்" என்கிறார்.

போகிறவர்கள் முன்பணம் கட்டும் முன் மூன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கூட வருவது யார், ஹைட் காசு அடக்கமா, ரயில் போனால் யார் பொறுப்பு. குளிர் உடுப்பை அவர்கள் லிஸ்டை நம்பாமல் எடுங்கள்.

ஆறுமணிக் குருவியை அங்கே பார்க்கவில்லை. கீழே ராம்நகர் பக்கத்துக் காடுகளுக்கு மே கடைசியில் வந்தால் கூப்பிடுவது கேட்கும், அங்கே அதன் பெயர் நவரங் என்றான் கைடு. இப்போது அதே டூர்க்காரர் அருணாசலத்தில் ஈகிள்நெஸ்ட் சரணாலயத்துக்கு ஆள் சேர்க்கிறார், 2006ல் ரமணா ஆத்ரேயா புது இனம் என்று உலகுக்கு அறிவித்த புகுன் லியோசிகலா என்கிற பறவை இருக்கிற இடம். மாஷ் என்னைக் கேட்காமலே முன்பணம் கட்டிவிட்டார். நான் அந்தப் பையன் வருவானா என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.