வீட்டில் சமைக்கும் நாய் உணவும் தின்பண்டமும்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் வீட்டில் ஒரு நாயும் ஒரு பூனையும் வளர்கின்றன. நாய் சிப்பிப்பாறைக் கலப்பு, கருத்தடை செய்யப்பட்டது, எடை 18 கிலோவை ஒட்டியே நிற்கிறது. சில ஆண்டுகளாக அதன் அன்றாட உணவும் தின்பண்டமும் எங்கள் அடுப்பில்தான் தயாராகின்றன. பூனைக்குத் தின்பண்டம் மட்டுமே வீட்டில் செய்கிறோம். உணவைக் கடையில் வாங்குகிறோம். அந்த வேறுபாட்டின் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். வாங்கலாமா, செய்யலாமா என்று தயங்குபவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தின்பண்டத்தை வீட்டில் செய்வது எளிது, செலவும் குறைவு, யாரும் இன்றே தொடங்கலாம். முழு உணவையும் வீட்டில் சமைப்பது அப்படியல்ல; தராசும் கணக்கும் இல்லாமல் அதில் இறங்கக் கூடாது.

"நம் ஊர் நாய்கள் கூழும் சோறும் தின்றுதானே வளர்ந்தன" என்று பலர் கேட்கிறார்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணுப் படிகள் பல மடங்கு அதிகம் என்று ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். ஆகவே நன்கு வெந்த சோறு நாய்க்கு எதிரி அல்ல. கெடுதல் சோற்றில் இல்லை, அதன்மேல் ஊற்றும் குழம்பில்தான் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தச்சோகையை உண்டாக்குகின்றன. வேகவைத்தாலும் வறுத்துப் பொடித்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. புளியின் சங்கதி பலருக்குத் தெரியாது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைப் பாதிப்பது நெடுநாளாக அறிந்ததே. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. விலங்கு நஞ்சுக் கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவர்கள் 2021இல் முன்வைத்தனர். அதே அமிலம் நம் புளியில் நிறைய உண்டு. எனவே புளிக்குழம்பும் ரசமும் எங்கள் நாயின் தட்டுக்கு வருவதே இல்லை.

இனி அளவு. ஓய்வில் இருக்கும் நாய்க்குத் தேவையான ஆற்றலைக் கணக்கிட, உடல் எடையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்குவது கால்நடை மருத்துவத்தில் வழக்கமான சூத்திரம். 18 கிலோவுக்கு அது ஏறக்குறைய 610 கிலோ கலோரி வரும். கருத்தடை செய்த, வளர்ந்த, ஓரளவு ஓடியாடும் நாய்க்கு இதை 1.6ஆல் பெருக்கினால் சுமார் 980 கிடைக்கிறது. இதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டத்துக்குப் போகக் கூடாது என்பதால், உணவுக்கு 880 கிலோ கலோரி என்று வைத்துக்கொண்டோம். தோல் நீக்கிய, எலும்பில்லாத கோழித் தொடைக்கறி 350 கிராம், அரிசி 80 கிராம், பரங்கிக்காய் 80 கிராம், ஒரு முட்டை, கோழி ஈரல் 20 கிராம், ஒன்றரைத் தேக்கரண்டி எண்ணெய். இவையெல்லாம் சமைப்பதற்கு முந்தைய எடை. வாரத்தில் இரண்டு நாள் கோழிக்குப் பதில் மத்தி மீனைக் குக்கரில் முள் மசியும்வரை வேகவைத்துச் சேர்க்கிறோம். சில நாள் அரிசிக்குப் பதில் கேழ்வரகுக் களி. கறிக்கடை பாய் முதலில் இதை நம்பவில்லை. "நாய்க்கு எலும்பு வேண்டாம்னு சொல்ற முதல் ஆளு நீங்கதான் சார்" என்றார். வெந்த கோழி எலும்பு கூர்மையாகச் சிலாம்பு சிலாம்பாய் உடைந்து குடலைக் குத்தக்கூடியது என்று சொன்ன பிறகு, அவரே தொடைக்கறியை எலும்பிலிருந்து பிரித்துத் தரத் தொடங்கினார்.

எலும்பை விலக்கினால் சுண்ணாம்புச்சத்து எங்கிருந்து வரும் என்பதுதான் வீட்டுச் சமையலின் முதன்மையான சிக்கல். இயற்கை உணவு என்று பெருமையாகப் பேசுகிறவர்களில் பலர் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். கறியிலும் சோற்றிலும் பாஸ்பரஸ் தாராளம், கால்சியம் சொற்பம். மேலே சொன்ன உணவில் பாஸ்பரஸ் 850 மில்லிகிராமைத் தாண்டும்; கால்சியமோ 100 மில்லிகிராமை எட்டுவதே கடினம். நாயின் உணவில் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, அதிகபட்சம் இரு மடங்காகவோ இருக்க வேண்டும். குறைவு தொடர்ந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்பும். வெளியே பார்த்தால் நாய் நன்றாகவே இருப்பதுபோல் தெரியும். கேழ்வரகு இந்தக் குறையை ஈடுகட்டிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் வலுவாக உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது உண்மைதான். ஆனால் அதிலுள்ள பைட்டேட் உட்கிரகிப்பைக் குறைப்பதால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

எங்கள் தீர்வு முட்டை ஓடு. ஓடுகளைக் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, முற்றிலும் உலர்த்தி, மிக்ஸியின் சிறிய ஜாரில் திருநீறு போல் அரைத்துச் சலித்து வைக்கிறோம். அரைத்ததைக் கையால் தேய்த்துப் பார்த்தால் நரநரப்பு தெரியக் கூடாது. தெரிந்தால் மறுபடியும் மிக்ஸிக்குத்தான் போக வேண்டும். இந்தத் தூளின் எடையில் ஏறத்தாழ 38 விழுக்காடு கால்சியம். நாளுக்கு 3 கிராம் கலந்தால் 1,100 மில்லிகிராமுக்கு மேல் கிடைத்து, விகிதம் சரியான எல்லைக்குள் வந்துவிடுகிறது. கரண்டிக் கணக்கு வேண்டாம். நகைக்கடைத் தராசைப் போன்ற சிறிய எண்முறைத் தராசுகள் இப்போது மலிவாகவே கிடைக்கின்றன.

கால்சியத்தைச் சரிசெய்தால் வேலை முடிந்துவிட்டது என்றும் எண்ணிவிடக் கூடாது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவ ஆய்வாளர்கள், நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 95 விழுக்காட்டில் குறைந்தது ஒரு சத்தாவது போதாமல் இருந்தது. எங்கள் குறிப்பும் தனியாக நின்றால் அந்தப் பட்டியலில்தான் சேரும். துத்தநாகமும் வைட்டமின் ஈயும் அதில் தெளிவாகவே குறைகின்றன. வைட்டமின் டியை வெயில் பார்த்துக்கொள்ளும் என்று நாம் நினைக்கிறோம். மனிதத் தோலைப் போல நாயின் தோல் போதிய அளவில் அதைத் தயாரிப்பதில்லை. மீன், முட்டை மஞ்சள் கரு, ஈரல் ஆகியவற்றிலிருந்துதான் பெற வேண்டும். ஈரல் நல்லது என்று அள்ளிப் போட்டாலோ வைட்டமின் ஏ உடலில் தேங்கி எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். ஆகவே உணவுப் பட்டியலைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் எழுதிக்கொடுத்த கனிம வைட்டமின் கலவையை, உணவு ஆறிய பின் சேர்க்கிறோம். 'எல்லாம் இயற்கையே' என்ற பெருமை இதனால் கொஞ்சம் குறைகிறதுதான். அதில் எனக்கு வருத்தமில்லை.

பலன் என்ன என்று கேட்டால், மலம் அளவில் குறைந்து கெட்டியாகியிருக்கிறது, ரோமம் பளபளக்கிறது, தட்டில் மிச்சம் வைப்பதில்லை. இவற்றில் எவ்வளவு உணவால், எவ்வளவு வயதாலும் நடையாலும் என்று பிரித்துச் சொல்ல இயலாது. எடையை மாதந்தோறும் பார்க்கிறோம்: நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் நின்று, பிறகு நம் எடையைக் கழித்துக்கொண்டால் போதும். விலா எலும்பு கண்ணுக்கு லேசாகத் தெரிவது சிப்பிப்பாறை வகைக்கு இயல்பு. உறவினர்கள் வரும்போதெல்லாம் "என்ன, நாய்க்குச் சோறு போடுறதில்லையா?" என்று கேட்கிறார்கள், அதற்காக அளவைக் கூட்டுவதில்லை. குறைகளும் உண்டு. மொத்தமாகச் சமைத்து உறைபெட்டியில் வைப்பதால் வாரத்தில் ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. வெளியூர் போகும்போது பராமரிப்பவரிடம் இந்த முறையை ஒப்படைப்பது சிரமம். மென்மையான உணவு என்பதால் பல்லில் காரை படிகிறது. நாய்களுக்கான பற்பசையால் பல் துலக்கியே ஆக வேண்டியிருக்கிறது.

பூனையின் கதை வேறு. டாரின் என்னும் அமினோ அமிலத்தைப் பூனையின் உடல் போதிய அளவு உண்டாக்காது. அது குறைந்தால் இதயத்தசை தளர்ந்து வீங்கும் என்பதை 1987இல் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வு நிறுவியது. அதன் பின்பே உலகெங்கும் பூனை உணவுகளில் டாரின் அளவைக் கூட்டினார்கள். கறியை நீரில் வேகவைத்தால் டாரின் நீரோடு போய்விடும். காரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டினை வைட்டமின் ஏவாக மாற்றும் திறனும் பூனைக்கு இல்லை. நாய்க்குச் சமைப்பதில் சிறிது தவறினால் திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. பூனையின் கணக்கோ மிகக் குறுகலானது. தயிர்சோறும் பாலும் கொடுத்துப் பூனை வளர்ப்பது நம் வழக்கம் என்றாலும், வீட்டுக்குள்ளேயே அடைந்து, எலியும் பல்லியும் பிடிக்க வாய்ப்பில்லாத பூனைக்கு அது போதவே போதாது.

தின்பண்டத்தில் இந்தக் கெடுபிடிகள் இல்லை. பத்து விழுக்காட்டு எல்லைக்குள் நிற்கும்வரை சத்து விகிதம் பெரிதாகக் குலையாது. எங்கள் வீட்டில் அதிகம் செலவாவது ஈரல் வற்றல். கோழி ஈரலைப் பத்து நிமிடம் வேகவைத்து, ஆறியதும் மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஓவனில் 100 டிகிரியில் இரண்டு மணி நேரம்போல் வைத்தால், கையில் ஒட்டாமல் முறுக்காக உடைகிறது. ஆனால் விரல் நகம் அளவுத் துண்டுகள்தான், அதுவும் பயிற்சியின்போது மட்டும். ஈரல் வற்றல் தரும் நாளில் உணவில் ஈரலை விட்டுவிடுகிறோம். அக்னி நட்சத்திர வெயில் இருக்க ஓவன் எதற்கு என்று தோன்றும். பச்சைக் கறியை வெயிலில் போட்டால் உலர்வதற்குள் ஈயும் கிருமியும் முந்திக்கொள்ளும் என்பதால், முதலில் வேகவைப்பதை மட்டும் எந்தக் காலத்திலும் தவிர்க்க வேண்டாம். சர்க்கரைவள்ளிக்கிழங்கை நீளவாக்கில் சீவி அதே முறையில் உலர்த்தினால் தோல்போல் வளையும் மெல்லும் பண்டம் கிடைக்கும். நீர் வற்றிய பின் இனிப்பும் கலோரியும் செறிவாகிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பூனைக்கு உப்பில்லாமல் வேகவைத்து உலர்த்திய நெத்திலி. கடைக் கருவாட்டில் உப்பு மிகுதி என்பதால் வாங்குவதில்லை. கோடையில் வெள்ளரித் துண்டும் நீர்மோரை உறையவைத்த கட்டியும் நாய்க்குப் போதுமானவை. கேழ்வரகு மாவு, முட்டை, மசித்த பரங்கிக்காய் சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டும் நன்றாகவே வருகிறது. அதில் வெல்லம் வேண்டாம். நிலக்கடலை வெண்ணெய் சேர்ப்பதானால் அதில் சைலிட்டால் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இனிப்பூட்டி நாயின் இன்சுலினைத் திடீரென உயர்த்திச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

கடையில் வாங்குவோர் உறையின் முன்பக்கப் படங்களைவிடப் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். எந்த வயதுக்கு உரிய முழுமையான உணவு, அல்லது வெறும் துணை உணவு என்பது அங்கேதான் அச்சாகியிருக்கும். புரதத்தை ஒப்பிடும்போது ஈரத்தைக் கழிக்காமல் ஒப்பிடுவது ஏமாற்றத்தில் முடியும். 80 விழுக்காடு நீருள்ள ஈர உணவில் 8 விழுக்காடு புரதம் என்றால், நீரை நீக்கிய கணக்கில் அது 40. 10 விழுக்காடு ஈரமும் 24 விழுக்காடு புரதமும் உள்ள உலர் உணவில் அதே கணக்கு 27ஐத் தொடுவதில்லை. பொருட்கள் பட்டியல் சேர்க்கும்போதுள்ள எடை வரிசையில் வருவதால், நீர் நிறைந்த பச்சைக்கறி முதலிடத்தில் இருப்பதை வைத்து மட்டும் முடிவுக்கு வந்துவிட முடியாது.

குட்டிகளுக்கு, குறிப்பாக லாப்ரடார், கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு, இங்கே தந்த அளவுகளைப் பின்பற்ற வேண்டாம். அவற்றுக்குக் கால்சியம் குறைந்தாலும் கேடு, கூடினாலும் எலும்பு வளர்ச்சி கோணலாகும். சிறுநீரகக் கோளாறும் கணைய அழற்சியும் உள்ள நாய்களுக்கும் இந்தக் குறிப்பு பொருந்தாது; அவற்றின் உணவை மருத்துவரே வகுக்க வேண்டும். மற்றவர்கள் பழைய உணவிலிருந்து மாறும்போது முதலிரண்டு நாள் கால் பங்கு, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று ஒரு வாரத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டால் வயிற்றுப்போக்கு வராமல் இருக்கும்.