டெட்பூல் ரத்தமா, லோகன் ரத்தமா?

இரண்டும் ஹாலிவுட் சூப்பர்ஹீரோ படங்கள், நாயகன் பெயர்தான் படத்தின் பெயரும். டெட்பூல் 2016இல் வந்தது, லோகன் 2017இல். தணிக்கையில் அமெரிக்காவில் இரண்டுக்கும் ஆர் (17 வயதுக்குள் என்றால் பெரியவர் துணை வேண்டும்), இங்கே ஏ (பெரியவர்களுக்கு மட்டும்). ஆனால் இரண்டிலும் ஓடுவது ஒரே ரத்தம் இல்லை.

டெட்பூலில் தலை பறந்தால் ராயப்பேட்டை தியேட்டரில் விசில் பறக்கும். மிச்சம் 12 தோட்டா என்று எண்ணிக்கொண்டே சுடுகிறான். நாமும் கூடவே எண்ணுகிறோம். வெட்டுப்பட்ட கை அவனுக்கு மறுபடி முளைத்துவிடும், அப்புறம் என்ன பயம்? அருவாள் வீச்சுக்குக் கைதட்டிப் பழகிய நமக்கு இது புதிதும் அல்ல.

லோகன் அப்படி விடாது. கார் சக்கரம் திருட வந்தவர்களோடு நடக்கும் முதல் சண்டையிலேயே மனிதருக்கு மூச்சு வாங்குகிறது. காயங்கள் சட்டென்று ஆறுவதில்லை. அதைவிடக் கொடுமை அவரோடு வரும் சிறுமி லாரா. 11 வயதுப் பிள்ளை, வெட்டிய தலையை உருட்டிவிட்டு நிற்கும்போது விசிலடிக்க வாய் வரவில்லை.

நண்பர்கள் கூட்டமும் சனிக்கிழமை ராத்திரியும் என்றால் டெட்பூல் சரி. என் ஓட்டு லோகனுக்குத்தான். அதன் கறுப்பு வெள்ளைப் பதிப்பும் உண்டு. சிவப்பே இல்லாமல் பார்த்தும் எனக்கு வலித்தது.

(பக்கத்து இருக்கையில் யாரோ பாப்கார்னோடு குழந்தையைக் கூட்டி வந்திருந்தார்கள். சூப்பர்ஹீரோ படமாம்!)