ஷாங்காயில் ஒரு நாள் கட்டட நடை: 380 யுவானுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காலைப் பாதிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், மாலைப் பாதிக்கு வேண்டாம். நடத்தும் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை, ஏனென்றால் ஏறக்குறைய இதே பாதையில் இன்னும் நாலைந்து பேர் கூட்டிப்போகிறார்கள். வேலைக்காக வந்த இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடைத்தது, ஆளுக்கு 380 யுவான், எட்டுப் பேர் கொண்ட குழு, ஆங்கிலத்தில் விளக்கம். அவ்வளவுதான் தெரிந்து பதிவு செய்தேன்.

காலை எட்டரைக்கு வைபைது இரும்புப் பாலத்தில் ஆரம்பம். 1907இல் கட்டியது, பார்க்க நம்ம ஊர் பழைய ரயில் பாலம் மாதிரிதான். ஆனால் 2008இல் இதை அப்படியே இரண்டு துண்டாகக் கழற்றிப் படகில் ஏற்றிக் கப்பல் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்து, அடுத்த வருடம் திரும்பக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள் என்று கைடு அம்மாள் சொன்னதும் எல்லாரும் குனிந்து ஆணிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற ஆள் இல்லை, குறுக்கே கேள்வி கேட்டால் சந்தோஷப்படுகிறார். காதில் மாட்டக் கொடுத்த கருவிதான் பஸ் போகும்போதெல்லாம் கரகரத்தது.

அங்கிருந்து ஹுவாங்பு ஆற்றங்கரையோடு போகும் பண்ட் என்ற சாலை. ஒன்றரை கிலோமீட்டரில் 52 பழைய கட்டடங்கள், பக்கத்துப் பக்கத்தில் நிற்பவைகூட ஒன்று மாதிரி ஒன்று இல்லை. கிரேக்கத் தூண், அதையடுத்து மணிக்கூண்டு, அதையடுத்து நேர்கோடும் அடுக்குமாக ஆர்ட் டெகோ பாணி. அபினிப் போரில் பிரிட்டனிடம் தோற்ற சீனா, 1842 உடன்படிக்கைப்படி துறைமுகத்தைத் திறந்துவிட்ட பிறகு பிரிட்டிஷ்காரன், பிரெஞ்சுக்காரன், அமெரிக்கன் என்று ஆளுக்கொரு பங்காக வந்து உட்கார்ந்த ஊர், அதனால் ஒவ்வொரு வங்கியும் கம்பெனியும் தன் தோரணையைக் கல்லில் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. பச்சைக் கூம்புக் கூரை போட்ட பீஸ் ஹோட்டலை 1929இல் கட்டியவர் விக்டர் சசூன். மும்பையில் மீன் வாங்கப் போகும் சசூன் டாக் இருக்கிறதே, அதே குடும்பம்தான், அபினிக் காசும் அதில் உண்டு.

என் முதல் குறை இங்கேதான். பழைய எச்எஸ்பிசி வங்கிக் கட்டடத்தின் (1923) வாசலில் எண்கோண மண்டபம் ஒன்று, அதன் கூரையில் எட்டு நகரங்களின் மொசைக் ஓவியம், லண்டன், பாரிஸோடு கல்கத்தாவும் அதில் ஒன்று. 1950களில் பூசி மறைத்துவிட்டு, 1997இல்தான் மறுபடி கண்டெடுத்தார்கள். இந்த நடையில் நான் பார்க்க ஆசைப்பட்டதே அதைத்தான், ஞாயிற்றுக்கிழமை என்பதால் கதவு சாத்தியிருந்தது. பதிவு செய்யும்போது ஒரு வரி சொல்லியிருக்கலாம் இல்லையா?

ஆனால் அந்தக் கோபம் சந்துகளுக்குள் நுழைந்ததும் போய்விட்டது. ஷிகுமென் என்றால் கல்வாசல். 1860களில் தைப்பிங் என்ற உள்நாட்டுக் கலவரத்துக்குப் பயந்து வெளிநாட்டார் பகுதிக்குள் ஓடிவந்த மக்களுக்காக, லண்டன் வரிசை வீடு மாதிரி ஒட்டி ஒட்டிக் கட்டி, உள்ளே மட்டும் சீன வீட்டுக்கு உரிய ஒரு குட்டி முற்றத்தை விட்டிருக்கிறார்கள். கல் சட்டம், கறுப்பு மரக்கதவு, நுழைந்தால் முற்றம், பின்னால் அடுப்படி, அடுப்படிக்கு மேலே வடக்குப் பார்த்த ஓர் இருட்டறை. குளிரில் நடுங்கும், வெயிலில் வேகும் அந்த அறைதான் காசில்லாத எழுத்தாளர்களுக்கு வாடகைக்குப் போனதாம். தலைக்கு மேலே மூங்கில் கழியில் துணி காய்ந்தது, ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. அடுத்து 2001இல் புதுப்பித்த ஷின்தியான்தி, இதே கல்வாசல்தான், ஆனால் உள்ளே காபிக்கடையும் மதுக்கடையும். வீடு இருக்கிறது, குடித்தனம் இல்லை.

மதியச் சாப்பாடு கட்டணத்தில் சேர்த்தி. சைவம் என்று படிவத்தில் எழுதியிருந்தேன், வந்தது கறிச்சாற்று நூடுல்ஸ். கறியை எடுத்து ஓரம் வைத்துவிட்டால் சைவம்தானே என்பது கடைக்காரர் கணக்கு. கைடு அம்மாளுக்கு முகம் வாடிவிட்டது, பார்க் ஹோட்டலை ஒட்டிய கடை வரிசையில் தானே நின்று வெண்ணெய் மணக்கும் பட்டாம்பூச்சி பிஸ்கட் ஒரு பை வாங்கித் தந்தார். அதைக் கடித்துக்கொண்டேதான் அந்த ஹோட்டலை அண்ணாந்து பார்த்தேன். 1934, 22 மாடி, சுமார் அரை நூற்றாண்டு இந்த ஊரில் அதைத் தாண்டி ஒன்றும் எழவில்லை. வரைந்தவர் ஹுடெக், முதல் உலகப் போரில் ரஷ்யாவிடம் பிடிபட்டு, சைபீரியாவிலிருந்து தப்பி 1918இல் இங்கே வந்து சேர்ந்த ஹங்கேரிக்காரர். கப்பல் முனை மாதிரிக் கூர்ந்து நிற்கும் வுகாங் மாளிகையும் அவர் கைவேலைதான், ஆனால் அங்கே கட்டடத்தைவிட செல்ஃபி எடுக்கும் கூட்டத்தைத்தான் அதிகம் பார்க்க முடிந்தது.

அப்புறம் மாலை, ஆற்றுக்கு எதிர்க்கரையில் வானளாவிகள் நிற்கும் புடோங். ஜின் மாவ் (1999, 420 மீட்டர்), பாட்டில் திறப்பான் என்று எல்லாரும் கூப்பிடும் உலக நிதி மையம் (2008, 492), முறுக்கிக்கொண்டு நிற்கும் ஷாங்காய் டவர் (632). காற்றின் வேகத்தைச் சமாளிக்கத்தான் அந்த முறுக்காம். ஜின் மாவ் மட்டும் பகோடா மாதிரி அடுக்கடுக்காக இருப்பதால் எனக்குப் பிடித்தது. மற்றபடி அடியில் நின்றால் கழுத்துதான் வலிக்கிறது, மேலே ஏறத் தனிக் கட்டணம், அன்றைக்குப் புகைமூட்டம் வேறு. இதில் இரண்டு மணி நேரம் போனது. அதைச் சந்துகளுக்குக் கொடுத்திருக்கலாம். 2 யுவான் கொடுத்துப் படகில் ஆற்றைக் கடந்தால் மூன்றும் ஒரே பார்வையில் கிடைக்கும், இக்கரைப் பழைய வரிசையும் சேர்ந்தே தெரியும்.

போகிறவர்கள் வாரநாளில் போங்கள், அரை நாள் நடை மட்டும் கிடைக்குமா என்று கேளுங்கள், சைவக்காரர்கள் பையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். நான் செவ்வாய்க்கிழமை காலை ஆபீசுக்குப் போகும் வழியில் அந்த வங்கிக்குத் தனியாகப் போனேன். கல்கத்தாவைக் கண்டுபிடித்து போனை வெளியே எடுப்பதற்குள் காவலாளி கையசைத்துவிட்டார், படம் எடுக்கக் கூடாதாம். சரி என்று கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன்.